பத்திரமாக இருந்த பாஸ்போர்ட்

தம்பி,

சனிக்கிழமை நீ லூமுட்டிலிருந்து வந்ததும் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வாரமாக நினைக்கிறேன். நீ வருகிறாய், சாப்பிடுகிறாய், வக்கீல் அனுப்பிய தாள்களை மேசையில் பரப்பிக்கொண்டு உட்காருகிறாய். எனக்கு வாய் வருவதில்லை. நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கிய வாய் இது. பெற்ற பிள்ளையிடம் ஓர் உண்மையைச் சொல்ல மட்டும் அதற்கு வக்கில்லை. அதனால் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. பாதியில் மட்டும் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் எழுதியதையெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

அடுத்த மாதம் நீ விசாரணைக்காகத் தமிழ்நாட்டுக்குப் பறக்கிறாய். கோமதி அவள் ஊர் மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் முதல் எதிரி அவள் புருஷனான நீ, இரண்டாம் எதிரி மாமனாரான நான். புகாரையே ரத்து செய்யச் சொல்லி நாம் இரண்டு பேரும் வக்கீல் மூலமாக மதுரையில் உயர்நீதிமன்றத்துக்குப் போனோம். நீதிபதி என்னை விட்டுவிட்டார், உன்னை விடவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நீயோ என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள விட்டுட்டாங்களே, அது போதும்பா” என்றாய். மறுநாளே ஈப்போவில் கோவிலுக்கு அழைத்துப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்தாய். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது எனக்கு நாக்கு குழறியது. வயசாயிடுச்சு என்று அவரிடம் சிரித்தபடி சொன்னாய். வயதினால் குழறவில்லை, தம்பி.

விசாரணைக்கு முன்பே ஒரு குற்றப் புகாரை எப்போது தூக்கிப் போடலாம் என்று வக்கீல் வீடியோவில் விளக்கினாரே, நினைவிருக்கிறதா? சட்டமே அந்த வழக்கைத் தடுத்தால் போடலாம். புத்தியுள்ளவன் எவனும் நம்ப முடியாத அளவுக்குக் கதை இருந்தால் போடலாம். பழிவாங்கவென்றே கட்டிய புகார் என்று பார்த்ததுமே தெரிந்தால் போடலாம். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று சொன்னார். புகாரில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதில் குற்றம் என்று ஒன்று இல்லையென்றால், விசாரணை எதற்கு? அந்த வழியில்தான் நான் வெளியே வந்தேன். உன் விஷயத்தில் நாளும் இடமும் செயலும் எழுதியிருக்கின்றன. வீட்டில் அடித்தது ஒன்று. அவள் ஊருக்கே போய் அவள் அப்பா வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, ‘திருடி’ என்று கத்தியது இன்னொன்று. இதெல்லாம் உண்மையா பொய்யா என்று சாட்சிகளை எடைபோட்டுப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை, கீழ்க்கோர்ட்டு பார்க்கட்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

என்னைப் பற்றிக் கோமதி எழுதியது ஒரே ஒரு வரி. ‘என் பாஸ்போர்ட்டை மாமா பத்திரமாக வைத்திருந்தார்.’ நம் வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். பறித்தார் என்று இல்லை, மறைத்தார் என்று இல்லை, கேட்டும் தரவில்லை என்று இல்லை. பத்திரமாக வைத்திருந்தார் என்று புகார் கொடுத்தவரே சொல்கிறார், பத்திரமாக வைப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்டார். நல்ல கேள்வி. நீதிபதியும் ஒப்புக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் முன்னால் இருந்த தாளில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், கோமதிக்கும் தெரியும். உனக்குத் தெரியாது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் குடும்பத்தில் காகிதம் என்றால் உயிர். உன் தாத்தா தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவருடைய பிறப்புப் பத்திரத்தைக் கரையான் தின்றது. அந்த ஒரு தாள் இல்லாததால் குடிமகனுக்குத் தரும் அடையாள அட்டை, நீல ஐசி, கிடைக்கவே இல்லை. குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு ஐசியோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, சிவப்பு ஐசியோடேயே போய்ச் சேர்ந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்டு கட்டி, பூட்டி வைக்காத காகிதம் என்னிடம் கிடையாது. இதையே காரணமாகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பாதி உண்மையும்கூட.

மீதிப் பாதி டைல்ஸ் தொழிற்சாலையில் கற்றது. வெளிநாட்டு ஆட்களின் தங்கும் விடுதிக்கு நான் சூப்பர்வைசராக இருந்தது உனக்குத் தெரியும். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்களுடைய பாஸ்போர்ட் முழுவதும் என் இரும்பு அலமாரியில் நம்பர் ஒட்டி இருக்கும். அப்படி வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். யாராவது வந்து கேட்டால், “பத்திரமா இருக்கு, போ” என்போம். ஒரு தடவை ஒருத்தன் தங்கச்சி கல்யாணம் என்று அழுதான், மனசு கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். போனவன் வரவில்லை. மேனேஜர் என்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார். அன்றைக்கு ஒன்று மண்டையில் ஏறியது: கையில் கொடுத்தால் ஓடிருவான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், அந்தப் பாடம் ஓய்வு பெறவில்லை.

கோமதி நம் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், விசா வேலைக்கு என்று பாஸ்போர்ட்டை வாங்கினேன். வேலை முடிந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. உன் அம்மாவின் நகை இருந்த அல்மாரியில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்துப் பூட்டினேன். அவள் வைக்கச் சொல்லவில்லை. இதை இன்னொரு தடவை எழுதுகிறேன், நீ தாண்டிப் போய்விடக் கூடாது. அவள் வைக்கச் சொல்லவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை நீ லூமுட்டில் வேலையில். சிம்பாங் பூலாயில் அந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் நானும் அவளும் மட்டும். அவளுக்கு மலாய் தெரியாது, கடைக்குத் தனியாகப் போகத் தெரியாது. உன் அம்மா போய் நாலு வருடம் கழித்து அந்தச் சமையல்கட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் மகிழ்ச்சியாக இருந்தேன், தம்பி. எனக்குக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பயந்த கிழவன் என்ன செய்வான் என்று தெரியுமா? பூட்டுவான். பூட்டிவிட்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைப்பான்.

அவள் மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, அவள் ஊர்த் திருவிழாவுக்கு. சிரித்துக்கொண்டே கேட்டாள், சிரித்துக்கொண்டே தட்டிவிட்டேன். இரண்டாம் தடவை, அவள் அம்மாவுக்குச் சுகமில்லை என்று தகவல் வந்தபோது. டிக்கெட் கிடைப்பது இப்போது சுசா, ரொம்பக் கஷ்டம், இரண்டு மாதம் போகட்டும் என்றேன். அப்போது அவள் உன்னிடமும் சொல்லியிருக்கிறாள். நீ வந்து என்னைக் கேட்டாய். “அவதான் வைக்கச் சொன்னா, வேணும்போது எடுத்துக்கட்டும் லா” என்றேன். நீ நம்பினாய். திரும்பிப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உன்னை வளர்த்தவனே நான்தான். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

மூன்றாம் தடவை ஒரு புதன்கிழமை. நான் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, அம்மைக்கு ரொம்ப முடியலையாம். ஆஸ்பத்திரில வச்சிருக்காவ. பாஸ்போர்ட்டக் குடுங்க மாமா, ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்.”

“பத்திரமாதான் இருக்கு. சனிக்கிழம அவன் வரட்டும், பேசிக்கலாம்” என்றேன். காப்பியைக் குடித்து முடித்தேன். ருசியாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் அம்மா போய்விட்டார். அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். கோமதி பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில், போனைக் குழாய் மேல் சாய்த்து வைத்து, கைகூப்பிக்கொண்டு பார்த்தாள். போனில் கேட்ட அழுகைச் சத்தம் முன் அறை வரைக்கும் வந்தது. அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து டிவியைப் போட்டேன். ஏன் போகவில்லை என்று நீ போனில் கேட்டதற்கு, “அவளே வேணாம்னுட்டா, போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னா” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ அந்தச் சோற்றைச் சாப்பிட்டாய்.

சனிக்கிழமை நான் குளிக்கப் போன நேரத்தில் அவள் சாவியை எடுத்து அல்மாரியைத் திறந்திருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது நகைப் பெட்டி தரையில் ஓரமாக இருந்தது. அதை அவள் திறக்கக்கூட இல்லை. அவள் கை மஞ்சள் துணியைத் தேடி உள்ளே துழாவிக்கொண்டிருந்தது. என்ன தேடுகிறாள் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் இல்லை. வெளியே போய்க் கேட்டில் நின்றேன். உன் கார் வந்தது. நீ இறங்குவதற்குள் சொன்னேன்: “உன் பெண்டாட்டி உங்கம்மா நகை இருக்கிற அல்மாரியை நோண்டுறா. போய்ப் பாரு.”

ஒரு பொய்யும் இல்லை அதில். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார், அத்தனையும் உண்மை. பூட்டியவன் நான், கேட்டும் கொடுக்காதவன் நான், அவள் தாய் செத்த மறுநாள் அவளைத் திருடியாக்கிக் கொடுத்தவன் நான். நீ உள்ளே போனாய். எனக்கு அடி விழுந்த சத்தம் கேட்டது. இன்னொன்றும் கேட்டது. நான் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கக் கூடாதே என்று.

திங்கள் காலை நீ வேலைக்குப் போன பிறகு அவள் கட்டிய சேலையோடு நடந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். சைகையாலும் ‘பாஸ்போர்ட்’ என்ற ஒரு சொல்லாலும் புரியவைத்திருப்பாள், ஒரு மலாய்க்கார சார்ஜனோடு திரும்பி வந்தாள். இடது காது வீங்கியிருந்தது. நான் அல்மாரியைத் திறந்து மஞ்சள் துணியோடு எடுத்துக் கொடுத்தேன். சார்ஜன் என்னைப் பார்த்து, “சியாப்பா சுரோ சிம்பான்?” என்றார். யார் வைக்கச் சொன்னது என்று கேட்கிறார். நான் நிமிர்ந்து நின்று, “டியா செண்டிரி மிந்தா” என்றேன். அவளே கேட்டுக்கொண்டாள் என்று. கோமதி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரியவில்லை. அவள் மேல் சொன்ன பொய்யை அவள் எதிரிலேயே, அவளுக்குத் தெரியாத பாஷையில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மாமா ஏதோ நல்லவிதமாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். சார்ஜன் அந்தத் தலையாட்டலையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டார்.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், தம்பி. என் காலை. அதற்குப் பிறகுதான், ஊருக்குப் போய்ப் புகார் எழுதும்போது ‘பத்திரமாக’ என்று எழுதினாள். அது நான் அவளிடம் மூன்று தடவை சொன்ன சொல். அவளுக்கு அதைத் தவிர வேறு சொல் இல்லையோ, மாமனாரைப் பறித்தார் என்று எழுத மனசு வரவில்லையோ, தெரியாது. என்னைக் காட்டிக்கொடுக்க அவள் எழுதிய ஒரே வரி என்னைக் காப்பாற்றிவிட்டது. பத்து வக்கீல் வைத்திருந்தாலும் எனக்கு அப்படி ஒரு வரி கிடைத்திருக்காது.

இப்போது உன் வக்கீல் எனக்கு ஒரு வாக்குமூலம் டைப் செய்து அனுப்பியிருக்கிறார். பாஸ்போர்ட்டை மருமகளே வைக்கச் சொன்னாள், அல்மாரியைத் திறந்தது நகைக்காக, அதைக் கண்டுதான் என் மகன் நிதானம் இழந்தான் என்று. இதைக் காட்டினால் அவர்கள் சமாதானத்துக்கு வருவார்கள், வராவிட்டாலும் விசாரணையில் உதவும் என்கிறார். நீ அதை உப்பு ஜாடியின் அடியில் வைத்துவிட்டு, “ஒரு கையெழுத்துதாம்பா, நீங்க பயணம் பண்ண வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ என்னைப் பொய் சொல்லக் கேட்கவில்லை. நான் உன்னிடம் சொன்னதை உண்மை என்று நம்பித்தான் கேட்கிறாய். அதுதான் என்னைக் கொல்கிறது.

கையெழுத்துப் போட மாட்டேன். போட்டால் ஒருவேளை நீ தப்பிக்கலாம். போடாவிட்டால், நடந்ததைச் சொன்னால், உனக்குக் கெடுதலாகவும் முடியலாம்; திருட்டைப் பார்த்த கோபம் என்று நீ சொல்லிக்கொள்ளும் ஒரு காரணமும் போய்விடும். இது தெரிந்துதான் எழுதுகிறேன். எந்த அப்பனும் இதை எழுத மாட்டான் என்று நீ நினைப்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, மூன்று வாரமாக.

ஒன்றைக் கேட்டுக்கொள். அடித்தது உன் கை. அவள் ஊர் வாசலில் கத்தியது உன் வாய். அப்பா சொன்னார் என்று அங்கே போய்ச் சொல், அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தாதே. அவளைக் கேட்காமல் அடித்தேன் என்றும் சொல். தாய் செத்த மறுநாள் ஒரு பெண் எதற்காக அல்மாரியைத் திறப்பாள் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை என்று சொல். தண்டனை வந்தால் வரட்டும். என்னைப் போல் கோர்ட்டு விட்டுவிட்டதையே குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டு அர்ச்சனைத் தட்டோடு நிற்காதே. அந்தத் தேங்காய் உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பினால் போதாதா என்று நீ கேட்கலாம். போதாது. தாளில் எழுதினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வக்கீல் அதைத் திருப்பிப் போடுவார். நானே அங்கே வந்து கூண்டில் ஏறிச் சொல்கிறேன். முட்டி வலியோடு படி ஏறுவேன். இந்தத் தடவை அவளுக்குப் புரிகிற பாஷையில், அவள் முன்னால்.

அதற்கு உன்னிடம் ஒன்று வேண்டும். போன வருடம் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க எடுத்துப் போனாய். புதுசு வந்ததும், “என்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்பா, நீங்க எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துடுவீங்க” என்று லூமுட்டுக்கே கொண்டுபோய்விட்டாய். அன்பாகத்தான் செய்தாய். நானும் சரி என்றேன்.

இதைப் படித்த பிறகு உனக்கு அதைக் கொடுக்க மனசு வராது. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ உளறுகிறார், வழக்கு முடியட்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றும்போது ஒரு புதன்கிழமை காலையில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியை நினைத்துக்கொள்.

அவள் என்னிடம் மூன்று தடவை கேட்டாள். நான் உன்னிடம் முதல் தடவை கேட்கிறேன். என் பாஸ்போர்ட்டைக் கொடு, தம்பி.

அப்பா